தோற்றுப்போனவரைப் பெரிய தலைவர் என்று சொல்லலாமா? வ.உ.சி.யை முன்வைத்து

வாசகர் கேள்வி | 18 நவம்பர் 2023, காலை 8.15

இன்று வ.உ.சி. நினைவு நாள். எல்லாரும் படம் போட்டு வணக்கம் வைக்கிறீர்கள். நான் நேராகவே கேட்கிறேன். கம்பெனி மூழ்கியது. கப்பல் எதிராளி கைக்கே போனது. சிறையிலிருந்து வந்த பிறகு அரசியலில் அவருக்குப் பெரிய இடம் எதுவும் கிடைக்கவில்லை. நாட்டுக்கே தலைவர் என்றால் கடைசியில் ஜெயித்துக் காட்ட வேண்டாமா? தியாகி என்றால் ஒத்துக்கொள்கிறேன். பெரிய தலைவர் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

18 நவம்பர், மதியம் 1.40

துணிச்சலை வைத்துச் சொல்கிறேன். தூத்துக்குடி கொழும்பு கடல்வழி முழுக்க பி.ஐ. என்ற வெள்ளைக்காரக் கம்பெனி கையில் இருந்த காலம். அதை எதிர்த்து ஒட்டப்பிடாரத்து வக்கீல் ஒருவர் கப்பல் கம்பெனி தொடங்குகிறார். 1906 அக்டோபர் 16-ல் பதிவு. மூலதனம் 10 லட்சம் ரூபாய், 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு. அப்புறம் இரட்டை ஆயுள் தண்டனை, மொத்தம் 40 ஆண்டு என்றார்கள். அதையும் சிரித்துக்கொண்டே ஏற்றார். இதற்கு மேல் என்ன வேண்டும்?

18 நவம்பர், இரவு 10.05

மதியம் நான் எழுதியதை மறுபடி படித்தேன். மேடைப்பேச்சு மாதிரி இருக்கிறது. துணிச்சல் உள்ளவர்கள் எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு பேர் உண்டு, எல்லாரும் தலைவர் ஆகிவிடவில்லை. கேள்வி கேட்டவருக்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டும்.

எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன். நான் தூத்துக்குடியில் கிளியரிங் ஏஜென்சி ஒன்றில் 29 வருடம் கிளார்க். கப்பல் தொழில் என்றால் எத்தனை கை சேர வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் இன்னும் கஷ்டம். இப்போதுள்ள பெரிய துறைமுகம் 1974-ல் வந்தது. அதற்கு முன் பழைய துறைமுகம்தான். அங்கே கடல் ஆழம் இல்லை, கப்பல் பல மைல் தள்ளித்தான் நங்கூரம் போடும். சரக்கைத் தோணியில் ஏற்றி, அலையில் ஆடிக்கொண்டே கப்பலோடு அணைத்து, மூட்டை மூட்டையாக மேலே ஏற்ற வேண்டும். பயணிகளையும் அப்படித்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஆகவே கப்பல் மட்டும் இருந்தால் போதாது. தோணி, அதை ஓட்டும் தண்டல், மூட்டை தூக்குகிறவர்கள், நிலக்கரி, கொழும்பில் ஏஜென்ட், சரக்கு தரச் சம்மதிக்கும் வியாபாரிகள், அத்தனையும் வேண்டும். இதில் ஒன்றை எதிராளி கலைத்தாலும் கப்பல் சும்மா நிற்கும்.

அவர்கள் கலைத்தார்கள். முதலில் வாடகைக்குக் கப்பல் கொடுத்த கம்பெனியை மிரட்டி வாபஸ் வாங்க வைத்தார்கள். இவர் கொழும்பு போய் வேறு கப்பலை வாடகைக்குப் பிடித்தார். அதற்கும் அசராமல் பம்பாய் போய் சொந்தக் கப்பலே வாங்கினார். எஸ்.எஸ். காலியா, எஸ்.எஸ். லாவோ. பி.ஐ. கட்டணத்தை வெட்டிக்கொண்டே போனது. கடைசியில் இலவசப் பயணம், கூடவே குடை ஒன்று பரிசு என்றார்கள். போட்டியாளன் சரக்கை இலவசமாகக் கொடுக்கும்போது கடை நடத்திப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் புரியும்.

19 நவம்பர், காலை 6.20

தூக்கம் வரவில்லை, ஒன்று விட்டுப்போயிற்று.

பணம் யார் போட்டார்கள் என்று பாருங்கள். கம்பெனித் தலைவர் பாண்டித்துரைத் தேவர், மதுரைத் தமிழ்ச் சங்கம் வைத்தவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்கு, அதாவது 2 லட்சம் ரூபாய். ஜமீன்தார், சேட்டு, வக்கீல், வியாபாரி எல்லாரும் ஒரே பதிவேட்டில். பிறகு 1908 பிப்ரவரி 27-ல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம். கூலி உயர்வு, ஞாயிறு விடுமுறை கேட்டார்கள். பங்குதாரர்களோடு உட்கார்ந்த அதே ஆள் மில் வாசலில் போய் நின்று, வேலையில்லாத குடும்பங்கள் பட்டினி கிடக்காமல் இருக்க ஊரில் பணம் திரட்டினார். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது.

மார்ச் 12-ல் அவரையும் சுப்பிரமணிய சிவாவையும் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலி கொதித்தது, துப்பாக்கிச் சூட்டில் நாலு உயிர் போனது. தூத்துக்குடியில் மில் தொழிலாளிகள் மறுபடி வேலையை நிறுத்தினார்கள். இந்தத் தடவை கூலிக்காக இல்லை, இவருக்காக. குதிரை வண்டிக்காரர், முடி திருத்துகிறவர், கறிக்கடைக்காரர் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள்.

ஆகவே நேற்று சொன்ன துணிச்சலைத் திருத்திக்கொள்கிறேன். ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாத மனிதர்களை ஒரே தோணியில் ஏற்றிய திறமை. என் பதில் இதுதான்.

19 நவம்பர், இரவு 9.30

"சேர்க்கத் தெரிந்தவர்தான், சேர்த்த கூட்டம் நிற்கவில்லையே" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயம். இவர் சிறைக்குப் போன பிறகு பங்குதாரர்கள் கம்பெனியைக் காப்பாற்றவில்லை. 1911-ல் கலைத்துவிட்டார்கள். இதற்கு என்னிடம் இப்போது பதில் இல்லை. யோசிக்கிறேன்.

23 நவம்பர், இரவு 11.00

நாலு நாள் யோசித்ததில் என் சொந்தக் கதையில் போய் நின்றேன். எழுதலாமா என்று தயங்கினேன். இதைச் சொல்லாமல் என் பதில் உங்களுக்கு விளங்காது, சொல்லிவிடுகிறேன்.

1997-ல் நானும் நண்பர்கள் ஐந்து பேரும் சேர்ந்து தோணிச் சரக்கு ஏஜென்சி தொடங்கினோம். மாலத்தீவுக்குக் காய்கறி, வெங்காயம், கட்டுமானச் சாமான் அனுப்புகிற வேலை. இன்றைக்கும் எங்கள் ஊர்த் தோணிகள் அங்கே போய் வருகின்றன. கையில் முதல் கிடையாது. தெருவில் தெரிந்தவர்களிடம் வாங்கினோம். உப்பளத்தில் வேலை பார்த்த என் அத்தை இரண்டு பவுன் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். விற்று 7,000 சொச்சம் வந்தது. பதினெட்டு மாதம் நடந்தது. ஒரு மழைக்காலத்தில் இரண்டு நடை சரக்கு அழுகி, வர வேண்டிய பணமும் வராமல் மூடினோம்.

மூடின மறுநாள் காலையில் நான் டீ குடிக்கப் போகவில்லை. வழக்கமாகப் போகிற தெருவை விட்டுப் பின்தெரு வழியாக பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். எதிரே ஆள் வந்தால் செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன். யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஐந்து நண்பர்களில் இரண்டு பேர் ஊரை விட்டே போனார்கள். அவர்களையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் போகாமல் இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. கடைசிக் காலத்தில் வ.உ.சி. எழுதிவைத்த உயிலைப் பற்றி என் அப்பா சின்ன வயதில் எனக்குச் சொல்லியிருந்தார். சொத்தை யாருக்குப் பிரித்துக் கொடுப்பது என்பதை விட, யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது அதில் பெரிதாக இருக்கும். எண்ணெய்க் கடைப் பாக்கி, ஜவுளிக் கடைப் பாக்கி வரைக்கும். கப்பல் ஓட்டியவர் எண்ணெய்க் கடைக்காரரை மறக்காமல் சாகிறார். அந்த ஒரு செய்தி என் மண்டைக்குள் உட்கார்ந்திருந்தது. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிப் பதினேழு பேர் பெயரையும் எழுதினேன். தீர்க்க ஒன்பது வருடம் ஆனது.

24 நவம்பர், காலை 7.10

நேற்றிரவு எழுதியதை மனைவி படித்துவிட்டு, "அவரு நாட்டுக்காகப் பட்ட கடனும் நீங்க வெங்காயத்துக்குப் பட்ட கடனும் ஒண்ணா?" என்று கேட்டாள். ஒன்றில்லை. அவர் வாழ்க்கையிலிருந்து எனக்கு நேராக உதவியது எது என்று சொல்லத்தான் எழுதினேன். அவர் கப்பலை வைத்து நான் எதுவும் செய்ய முடியாது. அவர் பற்று வரவு நோட்டை வைத்து நான் உயிரோடு நின்றேன்.

24 நவம்பர், இரவு 10.15

ஒரு திருத்தம். முதல் குறிப்பில் "சிரித்துக்கொண்டே ஏற்றார்" என்று எழுதினேன். அது தவறு, எனக்கே வருத்தமாக இருக்கிறது. 1908 ஜூலையில் நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னதைக் கேட்டு அவருடைய தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குச் சித்தம் கலங்கியது, கடைசி வரை தெளியவில்லை. அப்படிப்பட்ட வீட்டில் யாரும் சிரித்திருக்க முடியாது. அவர் மேல்முறையீடு செய்தார், சட்டம் படித்தவர் செய்ய வேண்டியதைச் செய்தார். மேல்முறையீட்டில் தண்டனை 6 ஆண்டாகக் குறைந்தது. உள்ளே இருந்தது 4 ஆண்டு 9 மாதம். முதலில் கோயம்புத்தூர், 1910 டிசம்பருக்குப் பிறகு கண்ணூர்.

சிறையில் அவரை இழுக்க வைத்த செக்கை கிண்டி காந்தி மண்டபத்தில் வைத்திருக்கிறார்கள். பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். படத்தில் பார்க்கும்போது ஏதோ கல் உரல் மாதிரி இருக்கும். பக்கத்தில் நின்றால்தான் இது மாடு சுற்ற வேண்டிய பொருள் என்பது உறைக்கிறது. பேத்தி நான் சொல்வதையெல்லாம் கேட்டுவிட்டு, "மாடு இல்லையா தாத்தா?" என்றாள். நான் பேசாமல் நின்றேன்.

சிறையில் இருந்தபோதுதான் தொல்காப்பியம் படித்தார். ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில எழுத்தாளரை மொழிபெயர்த்தார். உடம்பைச் செக்கில் கட்டினாலும் பொழுதை வீணாக்கவில்லை. இதைப் பற்றித் தனியாக ஒரு நாள் எழுத வேண்டும்.

27 நவம்பர், இரவு 9.00

மண்டேலா ஜெயித்தாரே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆமாம், 27 ஆண்டு சிறை, பிறகு ஜனாதிபதி, ஒரே தவணையோடு 1999-ல் இறங்கினார். அவர் மேல் எனக்கு அளவில்லாத மரியாதை உண்டு. ஆனால் யோசியுங்கள். 1980 வாக்கில் ராபன் தீவிலேயே அவர் உயிர் போயிருந்தால், அதே மனிதர் சின்னவர் ஆகிவிடுவாரா? வெற்றி வந்துசேர்வது காலத்தின் கையிலும் இருக்கிறது. அதை வைத்து ஆளை அளந்தால் பாதிப் பேரைத் தொலைத்துவிடுவோம்.

28 நவம்பர், காலை 6.45

காலத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்று சொல்ல வேண்டும். தொழில் தெரிந்தவன் என்பதால் என் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. வெள்ளைக்காரன் கெடுக்காமலே இருந்திருந்தாலும் சுதேசிக் கம்பெனிக்கு 1914-ல் பெரிய அடி விழுந்திருக்கும். அந்த வருடம் பாம்பன் பாலம் திறந்தது. கொழும்பு போகிறவர்கள் ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் என்று போகத் தொடங்கினார்கள். அது வரை கொழும்புக் கப்பலுக்கு ஆள் கொண்டுவரும் போட் மெயில் ரயில் வந்து நின்றது எங்கள் ஊரில். ஆகவே "கம்பெனி பிழைத்ததா" என்ற கேள்வியை வைத்து அவரை எடைபோடக் கூடாது என்பது என் எண்ணம். மூன்று வருடத்துக்குள், சாதாரண மனிதன் 25 ரூபாய் கொடுத்து நாட்டு விடுதலையில் பங்கு வாங்கலாம் என்று காட்டினார். கப்பலை விற்கலாம், இதை எப்படி விற்பது?

2 டிசம்பர், இரவு 8.20

"குறையே இல்லாத மனிதரா?" என்று கேட்டீர்கள். இருந்தது. மனிதர்களை எளிதில் நம்பிவிடுவார். சங்க காலத்து நூல் என்று ஒருவர் கொண்டுவந்து கொடுத்த 'இன்னிலை'யை நம்பி, உரை எழுதி, 1917-ல் பதிப்பித்தார். அது போலி என்று பிறகு அறிஞர்கள் காட்டினார்கள். அந்த நேரம் அவர் இருந்த நிலைமையில் அதற்காகச் செலவழித்த ஒவ்வொரு ரூபாயும் வீட்டுச் சோற்றிலிருந்து எடுத்தது. படிக்கும்போது எனக்கு அவர் மேல் கோபமே வந்தது. பிறகு, இந்த நம்பும் குணம் இல்லாதவர் 40,000 பங்கு விற்கக் கிளம்பியிருப்பாரா என்று தோன்றியது.

3 டிசம்பர், இரவு 10.40

காந்தி பணம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் இவருடைய கஷ்டத்தைக் கேள்விப்பட்டுப் பணம் திரட்டி, காந்தி வழியாகக் கொடுத்தனுப்பினார்கள். 1915-ல் காந்தி இந்தியா திரும்பினார். இருவருக்கும் நடுவே கடிதம் மேல் கடிதம். 1916 தொடக்கத்தில்தான் தொகை கைக்கு வந்தது, 347 ரூபாய் 12 அணா. பல மாதம் கேட்டு எழுதினார் என்பதை வைத்து, பெரிய மனிதர் இப்படிப் பணத்துக்கு எழுதலாமா என்று முகம் சுளிக்கிறீர்கள்.

இந்த இடத்தில் நான் உங்களோடு சண்டை போடுவேன். அப்போது சென்னையில் அவர் நிலைமை என்ன? வக்கீல் சன்னதை, அதாவது தொழில் உரிமத்தைப் பறித்துவிட்டார்கள். கடை வைத்துப் பார்த்தார், நடக்கவில்லை. வீட்டில் பிள்ளைகள். தனக்கென்று யாரோ உழைத்துச் சேர்த்து அனுப்பிய பணத்தை, "எனக்குத் தேவை இருக்கிறது, அனுப்புங்கள்" என்று கேட்பதில் என்ன அவமானம்? நான் நோட்டு வைத்திருந்த ஒன்பது வருடத்தில் கற்றது இது. தனக்கு வர வேண்டியதை மறைக்காமல் கேட்கிறவன்தான் தான் கொடுக்க வேண்டியதையும் மறைக்காமல் எழுதுவான்.

நன்றிக் கடனும் அப்படித்தான். வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. இவர் பிறகு பிறந்த மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். வெள்ளை ஆட்சியை எதிர்த்துத் தன் வாழ்க்கையையே அழித்துக்கொண்டவர், ஒரு நல்ல வெள்ளைக்காரர் பெயரைத் தன் வீட்டில் தினமும் கூப்பிட வைத்துக்கொண்டார். வெறுப்பு எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்த மனிதர்.

22 டிசம்பர், மாலை 5.30

மூன்று வாரமாக வர முடியவில்லை. 17, 18 தேதிகளில் எங்கள் பக்கம் பெய்த மழையைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர், மாடியில் இருந்தோம். கரண்ட் நேற்றுத்தான் வந்தது. எல்லாரும் நலம். நோட்டு, கட்டிலுக்கு மேலே பரணில் இருந்ததால் தப்பியது.

தலைவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம் அல்லவா. எங்கள் தெருவுக்குள் மீனவர்கள் படகைக் கொண்டுவந்தார்கள். முன்னால் ஒரு பையன், இருபத்திரண்டு வயது இருக்கும். பிளாஸ்டிக் கவரில் சுற்றிய சின்ன டைரி. எந்த மாடியில் எத்தனை பேர், யாருக்குச் சர்க்கரை மாத்திரை, எந்த வீட்டில் கைக்குழந்தை, எல்லாம் அதில். "பெரியப்பா, பிரஷர் மாத்திரை சாயங்காலம் வரும்" என்று கத்திவிட்டுப் போனான். நான் நம்பவில்லை. ஏழு மணிக்கு இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு வந்தான். கையில் கொடுத்துவிட்டு டைரியில் டிக் போட்டான். அவன் டிக் போட்டதை நான் மறக்க மாட்டேன்.

ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் மாட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான பயணிகள் தவித்தபோது, பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்களிடம் இருந்த அரிசியைப் போட்டுச் சமைத்துக் கொடுத்தார்கள். அவர்கள் வீட்டிலும் அன்றைக்குத் தண்ணீர்.

24 டிசம்பர், இரவு 9.50

இன்றைய தேதியில்தான் 1912-ல் கண்ணூர்ச் சிறைக் கதவு திறந்தது. அவருக்கு வயது 40. கைதானபோது ஊரே கடையடைத்தது. வெளியே வந்தபோது கூட்டம் இல்லை. சுப்பிரமணிய சிவா வந்திருந்தார். சிவாவைச் சிறை தொழுநோயாளி ஆக்கியிருந்தது. பிற்காலத்தில் ரயிலில் ஏற விடாமல் தடுத்தபோதும், நடந்தே ஊர் ஊராகப் போய்ப் பேசி, 1925-ல் பாப்பாரப்பட்டியில் உயிரை விட்டவர் அவர்.

நவம்பரில் கேட்டீர்கள், சேர்த்த கூட்டம் நிற்கவில்லையே என்று. ஒரு மாதம் கழித்து என் பதில். கூட்டம் நிற்கவில்லை, அவர் நின்றார். கண்ணூர் வாசலிலிருந்து 1936 வரை இன்னும் 24 வருடம். கோவில்பட்டியில் கேஸ் நடத்தினார், தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பதிப்பித்தார், தொழிலாளர் சங்கங்களுக்குப் போய்ப் பேசினார். யார் மேலும் பழி போட்டுக்கொண்டு உட்காரவில்லை. கைவிட்ட ஊருக்கே 1932-ல் திரும்பி வந்தார். கடைசி நேரத்தில் தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்துக்குத் தன்னைக் கொண்டுபோகச் சொல்லி, அங்கேதான் உயிர் பிரிந்தது. பெரிய தலைவர் என்று நான் சொல்வது இந்த 24 வருடத்தை வைத்து. முதலிலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும், சுற்றி வளைத்துவிட்டேன்.

25 டிசம்பர், காலை 7.00

அத்தை பணம் என்ன ஆனது என்று கேட்டிருக்கிறீர்கள். நோட்டில் கடைசிப் பெயர் அவளுடையது, 2008-ல் தீர்த்தேன். பணமாக வேண்டாம் என்று சங்கிலியாகவே வாங்கிக்கொண்டு போனேன். அதற்குள் பவுன் விலை எங்கோ போயிருந்தது. உப்பளத்திலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். நோட்டைக் காட்டி, பெயருக்கு நேரே கோடு போடச் சொன்னேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேனாவை வாங்கி, "இத எதுக்குல இத்தன வருசம் எழுதி வச்சிருக்க?" என்று கேட்டுக்கொண்டே கோணலாக ஒரு கோடு இழுத்தாள். உப்புத் தண்ணீர் பட்டு அந்த இடத்தில் மை கொஞ்சம் பரவியிருக்கிறது.